பந்தை விடுங்கள், ஆளைப் பாருங்கள்

ஆண்கள் இரட்டையர் டென்னிஸ் டிவியில் வந்தால் பலருடைய கை ரிமோட்டைத் தேடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு சர்வ், ஒரு ரிட்டர்ன், நெட்டில் ஒரு தட்டு, புள்ளி முடிந்துவிடும். ஒற்றையர் ஆட்டம் பார்த்துப் பார்த்து நம் கண்ணுக்குப் பந்தின் பின்னாலேயே போகும் பழக்கம் வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தோடு இரட்டையரைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. இங்கே பல புள்ளிகளைத் தீர்மானிப்பவர் பந்தைத் தொடாமல் நிற்பவர்தான்.

சர்வ் போடுபவருக்கு முதுகைக் காட்டி, நெட்டருகே முழங்காலை மடக்கி நிற்கிறாரே, அவரைப் பாருங்கள். ஒரு கேம் முழுக்க அவரை மட்டும். சர்வுக்கு முன்னால் அவருடைய கை முதுகுக்குப் பின்னால் போகும். எதிரணிக்குத் தெரியாமல் கூட்டாளிக்கு அனுப்பும் சேதி அது. சர்வ் எங்கே விழ வேண்டும் என்று விரல்கள் சொல்லும். குறுக்கே பாயப் போகிறாரா, நின்ற இடத்திலேயே நிற்கப் போகிறாரா என்பதை விரித்த கையோ மூடிய முட்டியோ சொல்லும். எது எதற்கு என்பது ஜோடிக்கு ஜோடி மாறும். கைச்சாடை வேண்டாம் என்பவர்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் கூடி, வாயைப் பந்தால் மறைத்துக்கொண்டு கிசுகிசுப்பார்கள்.

சர்வ் நடுக்கோட்டை ஒட்டி விழுந்தால், திருப்பி அடிப்பவருக்குக் கோணம் சுருங்கிவிடும். பந்து பெரும்பாலும் நடுவாகத்தான் திரும்பும். நெட்டில் நிற்பவர் குறுக்கே பாய்ந்து அதை வெட்டிவிடுவார். இதற்குப் பெயர் போச்சிங். சர்வ் ஓரமாக விழுந்தால் நிலைமை தலைகீழ். ஒற்றையர் கோடுகளுக்கு வெளியே, இரு பக்கமும் நாலரை அடி அகலத்துக்குக் கூடுதல் களம் இருக்கிறது. இப்போது அவர் நடுவை மறந்துவிட்டுத் தன் பக்கத்து ஓரத்தைக் காக்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பாயாமலே பாய்வது. எதிராளி மட்டையை வீசும் நொடியில் இவர் தோளை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டுவார், அவ்வளவுதான். அடிப்பவரின் மனம் கடைசி நேரத்தில் மாறும், பந்து நெட்டில் முட்டும். புள்ளிவிவரத்தில் இது எதிராளியின் தவறாகப் பதிவாகும். அதை வரவழைத்த ஆளின் பெயர் எங்கேயும் இருக்காது. இரட்டையர் ஆட்டக்காரர்களுக்கு உரிய மரியாதை கிடைக்காததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சில நேரம் அவர் நடுக்கோட்டின் மேலேயே, நெட்டுக்குக் கீழே தலை மறையும்படி குந்திவிடுவார். சர்வ் தலைக்கு மேலே பறந்ததும் இடமோ வலமோ பாய்வார். ஐ ஃபார்மேஷன் என்பது இதுதான். எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரிந்தவர் அவருடைய கூட்டாளி ஒருவர்தான்.

நால்வரும் நெட்டருகே வந்து பந்து மின்னலாகப் போய்வரும்போது ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: மட்டை பந்தைத் தொடும் உயரம். நெட்டின் நடுப்பகுதி மூன்றடி. அதற்கு மேலே பந்து கிடைத்தவர் கீழ்நோக்கி அடிக்கலாம். அதற்குக் கீழே கிடைத்தவர் மேலே தூக்கித்தான் ஆக வேண்டும், தூக்கியதை எதிரே நிற்பவர் அறைந்துவிடுவார். அதனால்தான் தேர்ந்தவர்கள் ரிட்டர்னை வேகமாக அடிப்பதைவிட, முன்னேறி வருபவரின் பாதத்தில் தாழ்வாக இறக்கப் பார்க்கிறார்கள். யார் தூக்குகிறார், யார் இறக்குகிறார் என்று பார்க்கப் பழகினால், புள்ளி யாருக்கு என்பது முடிவதற்கு இரண்டு அடி முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு நுட்பம். சர்வ் வரிசையும் முனை மாற்றமும் அமைந்திருக்கும் விதத்தால், டைபிரேக் வரும்வரை ஒரு செட்டில் ஒவ்வொருவரும் ஒரே முனையிலிருந்துதான் சர்வ் போடுவார். ஆகவே வெயில் யார் கண்ணில் படும், காற்று யாருக்கு எதிராக வீசும் என்பதை ஜோடி முன்பே யோசித்து வரிசையை வகுத்துக்கொள்ளும். இடக்கைக்காரர் ஒருவரும் வலக்கைக்காரர் ஒருவரும் சேர்ந்தால் இன்னும் வசதி. 16 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்ற பிரையன் சகோதரர்களில் பாப் இடக்கை, மைக் வலக்கை.

புள்ளிக் கணக்கும் போட்டிக்குப் போட்டி மாறும். ஏடிபி தொடர்களில் 40-40 ஆனால் ஒரே புள்ளியில் கேம் முடியும். அந்த சர்வை இருவரில் யார் எதிர்கொள்வது என்பதை எதிரணியே முடிவு செய்யும். செட் ஒன்றுக்கொன்று ஆனால் மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டைபிரேக். கிராண்ட் ஸ்லாம்களில் மூன்றாவது செட் பழையபடி முழுதாக உண்டு. ஐந்து செட் முறையை விடாமல் வைத்திருந்த விம்பிள்டனும் 2023இல் மூன்றுக்கு இறங்கியது.

பார்த்துப் பழக ஒரு ஆட்டம் சொல்லச் சொன்னால், 2024 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியைச் சொல்வேன். ரோகன் போபண்ணா, மேத்யூ எப்டன் ஜோடி இத்தாலியின் போலெல்லி, வவசோரி ஜோடியை 7-6, 7-5 என்று வென்றது. முதல் செட்டில் 6-6 வரை இரு ஜோடிகளுக்கும் இடையே இம்மியளவு வித்தியாசம் இல்லை. டைபிரேக்கில் இத்தாலியர்களுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. இரட்டையரின் சுபாவமே அதுதான். அவரவர் சர்வை அவரவர் காப்பாற்றிக்கொண்டே போவார்கள். ஓரிரண்டு ரிட்டர்ன்கள் சரியாக இறங்கினால் செட் கைமாறிவிடும். போபண்ணாவுக்கு அப்போது வயது 43. அமெரிக்க ஓப்பன் இறுதியில் இரண்டு முறை தோற்ற பிறகு கிடைத்த முதல் ஆண்கள் இரட்டையர் கிராண்ட் ஸ்லாம் அது. ஒற்றையரில் அந்த வயதில் கால் ஒத்துழைக்காது. இங்கே பாதிக் களம்தான் உங்கள் பொறுப்பு, மீதியை அனுபவம் பார்த்துக்கொள்ளும்.

சென்னைக்காரர்களுக்கு இந்த ஆட்டம் புதிதல்ல. நுங்கம்பாக்கத்தில் பயஸ், பூபதி ஜோடியைப் பார்க்கக் கூட்டம் கூடியிருக்கிறது. 17 வயது நடால் 2004இல் ராப்ரெடோவுடன் இரட்டையர் கோப்பையைத் தூக்கியதும் அங்கேதான். அங்கே நடந்த தொடரின் 2017 இரட்டையர் இறுதியில் நால்வரும் இந்தியர்கள். போபண்ணாவும் சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியனும் வென்றார்கள்.

நேரில் பார்க்க வாய்த்தால், நெட்டுக்கு நேராகப் பக்கவாட்டில் இருக்கும் இருக்கையை எடுக்காதீர்கள், கழுத்துதான் வலிக்கும். பேஸ்லைனுக்குப் பின்னால், சில வரிசைகள் மேலே உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் மறையும் அந்தக் கை அங்கிருந்துதான் தெரியும்.