திறந்த அட்டையும் மூன்றாமவரும்

மொன்றியல் தீவின் மேற்கு முனையில் இருக்கிறது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ. ரயில் பாதையும் 20ஆம் இலக்க நெடுஞ்சாலையும் அங்கேதான் தீவைவிட்டு வெளியேறுகின்றன. 1843இல் திறக்கப்பட்ட மடைக்கதவுக் கால்வாய் ஒன்று உண்டு. கோடையில் படகுக்காரர் வந்து நிறைவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எம்மவர்களில் அநேகர் கோட்-டி-நேஜிலும் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் நெருக்கியடித்து வாழ்ந்த காலத்தில், நான் இந்தக் கால்வாய்க்கரை உணவகமொன்றின் பின்கட்டில் கோப்பை கழுவினேன். ஒருநாள் இடைவேளையில் கால்வாயின் படம் போட்ட தபாலட்டை ஒன்றை வாங்கி, பாரிஸிலிருந்த நண்பருக்கு நான்கு வரி எழுதிப் போட்டேன். பிறகு மறந்துவிட்டேன்.

போன வருடம் அந்த அட்டை முகநூலில் வந்திருந்தது. இரு பக்கமும். என் கையெழுத்து, அன்றைய வீட்டு முகவரி, தபால் முத்திரை, நண்பரின் பாரிஸ் முகவரி எல்லாம் துலக்கமாகத் தெரிந்தன. ‘எமது புகலிட வாழ்வின் ஓர் ஆவணம்’ என்று மேலே ஒரு வாசகம். நான்கு வரிகளில் மூன்று குளிரைப் பற்றியவை. நான்காவதில் ஒரு பெண்ணின் பெயரும், அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்பதும், அதை யாருக்குச் சொல்லக்கூடாது என்பதும் இருந்தன. அந்த வரியை இங்கும் நான் தரப்போவதில்லை. சம்பந்தப்பட்டவரிடம் வாசித்துக் காட்டிய பின்னரே இக்கட்டுரை அச்சுக்குப் போகிறது. சில விபரங்கள் அவர் சொன்னபடி மாற்றப்பட்டுள்ளன.

நண்பரைத் தொலைபேசியில் பிடித்தேன். “என்ன மச்சான், முப்பது வருசத்துக்கு முந்தின கதை. இப்ப ஆர் அதைப் பார்க்கப் போகினம்? அதோட, மறைக்கிற விசயமெண்டால் நீ கடிதமெல்லோ போட்டிருக்கவேணும்” என்றார்.

இரண்டாவது வாதம் பலமானது. அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. தபாலட்டை திறந்த பொருள். பிரஷ்யாவின் ஹைன்ரிஹ் ஃபொன் ஸ்டெஃபான் 1865இல் இந்த யோசனையை முன்வைத்த காலத்திலேயே, திறந்த தாளில் எவர் எழுதுவார் என்ற ஆட்சேபம் இருந்தது. ஆயினும் 1869 ஒக்ரோபர் 1 அன்று ஒஸ்ரியா-ஹங்கேரி அட்டையை வெளியிட்டது. 1871இல் கனடாவும் வெளியிட்டது. மலிவு என்பது வெட்கத்தை வென்றது. ஊரில் தபாற்காரர் அட்டையை வாசித்துக்கொண்டே படலையடிக்கு வருவார். எழுத்தறியாத வீடுகளில் அவரே வாசித்தும் காட்டுவார். அதை எவரும் குற்றமாக எடுத்ததில்லை.

ஆனால் அந்தத் திறப்புக்கு ஓர் அளவிருந்தது. வழியில் நாலைந்து பேர் பார்க்கலாம். பார்த்தவரிடம் பிரதி இல்லை. ஒரு பெயரைக் கொடுத்துத் தேடி அந்த அட்டையைக் கண்டெடுக்க எவராலும் முடியாது. செஞ்சிலுவைச் செய்தித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்பு முகாமிலிருந்தவரும் வீட்டாரும் எழுதிக்கொண்ட அந்தத் தாள் உறையிடாமல்தான் போகும். குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம். அதிகாரி வாசிப்பார் என்பது தெரிந்தே எழுதப்பட்டது. ஆகவே அது ஊருக்குப் பொதுவானது என்று எங்களில் எவராவது சொல்லத் துணிவோமா? வாசிக்கப்படக்கூடியது என்பதையும் வெளியிடப்படக்கூடியது என்பதையும் ஒன்றாக்குவதில்தான் நண்பரின் வாதம் வழுக்குகிறது.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 1741இலேயே இங்கிலாந்தில் கவிஞர் அலெக்சாண்டர் போப், தன் கடிதங்களை அச்சிட்ட எட்மண்ட் கேர்ளுக்கு எதிராக வழக்காடினார். தாள் பெற்றவருடையது, வாசகத்தின் உரிமை எழுதியவருடையது என்ற பிரிப்பு அங்கிருந்து வருகிறது. 1994இல் நடைமுறைக்கு வந்த கியூபெக் சிவில் சட்டக்கோவையின் 36ஆம் பிரிவு இன்னும் நேரடியானது. ஒருவரின் கடிதப்போக்குவரத்து, கையெழுத்துப் பிரதி, சொந்த ஆவணங்கள் ஆகியவற்றைப் பயன்படுத்துவது அவரது அந்தரங்கத்தில் தலையிடுவதாகக் கருதப்படலாம் என்கிறது. அந்தரங்கத்தை மதிக்கும் பிரிவு பிரெஞ்சுச் சட்டத்திலும் 1970 முதல் உண்டு.

இதைவிட எனக்கு உறைப்பது ‘விஸ்-வேர்சா’ சஞ்சிகையின் கதை. இத்தாலியப் பின்னணி கொண்ட எழுத்தாளர்கள் 1983இல் மொன்றியலில் தொடங்கிய, பல மொழிகளில் வந்த, எங்களுடையதைப் போன்ற ஒரு சிறுசஞ்சிகை அது. சென்ட்-கத்தரின் வீதியில் ஒரு கட்டடப்படியில் அமர்ந்திருந்த பதினேழு வயதுப் பெண்ணின் புகைப்படத்தை அவளைக் கேளாமல் 1988இல் வெளியிட்டது. படி தெருவில்தான் இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் அவளைப் பார்க்கலாம். விற்பனையானவை 722 பிரதிகள். இருந்தும் 1998இல் கனேடிய உச்சநீதிமன்றம் அவள் பக்கமே தீர்ப்பளித்து, 2,000 டொலர் நட்டஈட்டை உறுதிசெய்தது. அதை நடத்தியவர்கள் பணமுதலைகள் அல்லர். கலை, மாற்றுப்பண்பாடு என்று பேசியவர்கள். எங்களைப் போலவே நல்ல நோக்கத்தைக் கேடயமாக வைத்திருந்தவர்கள்.

எங்கள் நல்ல நோக்கத்தின் பெயர் ஆவணப்படுத்தல். அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு ஒரு துண்டுத்தாளும் பெறுமதியானது. 2005இலிருந்து நூலகம் எண்ணிம ஆவணத் திட்டம் நூல்களையும் சஞ்சிகைகளையும் சேர்த்து வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் சேர்ப்பது வேறு, காட்டுவது வேறு. கனடாவில் குடிசனக் கணக்கெடுப்பின் தனிநபர் தாள்கள் 92 ஆண்டுகளின் பின்னரே திறக்கப்படுகின்றன. 1931இன் தாள்களை 2023இல்தான் பார்க்கக் கிடைத்தது. எவரும் அவற்றை அழிக்கவில்லை. காத்திருந்தார்கள். எமது ஆவணக்காரருக்கோ ஒரு மாலைப்பொழுது காத்திருக்கவும் பொறுமையில்லை. ஸ்கான் செய்த சூட்டோடு போட்டுவிட வேண்டும்!

இலக்கியக்காரர் இதில் இன்னும் மோசம். வல்லிக்கண்ணனும் தி.க.சி.யும் ஆயுள் முழுவதும் தபாலட்டைகளாக எழுதித் தள்ளியவர்கள். எங்கோ கிடந்த இளம் எழுத்தாளனுக்கும் அவர்களின் அட்டை போய்ச் சேர்ந்தது. இப்போது அந்த அட்டைகள் தினமும் காட்சிக்கு வருகின்றன. அஞ்சலி என்று சொல்லப்பட்டாலும் பெரும்பாலும் பெற்றவர் தனக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதாகவே எனக்குப் படுகிறது. பாராட்டோடு நின்றால் பாதகமில்லை. அதே அட்டையில் இன்னொரு எழுத்தாளரைப் பற்றி, இருவருக்குமிடையில் என்று நம்பி, ஒரு வரி எழுதப்பட்டிருந்தால்? புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 1994இல் ‘கண்மணி கமலாவுக்கு’ என நூலாயின. அவர் இறந்தது 1948இல். நாற்பத்தாறு ஆண்டுகள் இடையில் இருந்தன, தொகுத்தவர் ஒருவர் இருந்தார். முகநூலில் தொகுப்பாளர் என்று எவரும் இல்லை.

எங்கள் விடயத்தில் முத்திரையும் முகவரியும்கூட வெறும் அலங்காரம் அல்ல. 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழர்கள் இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்னதும், பின்னர் ஜேர்மனியிலிருந்து புறப்பட்டது வெளிவந்ததும் பத்திரிகைகளில் எப்படி நாறியது என்பது ஞாபகமிருக்கும். எந்தத் திகதியில் எங்கே இருந்தோம் என்பதே அகதி வழக்கின் உயிர்நாடி. ஒரு தபால் முத்திரை சொல்வதும் அதைத்தான். முகவரி என்றால், 1994 மே முதலாம் திகதி பாரிஸில் சபாலிங்கம் தன் வீட்டில்வைத்துச் சுட்டுக்கொல்லப்பட்டதை மறக்க முடியாது. அதன்பின் வீட்டு முகவரி கொடுக்கத் தயங்கிய பலரை நான் அறிவேன். ‘அதெல்லாம் முடிந்த காலம்’ என்பவருக்கு ஒன்று: 2012இல் மாறிய கனேடியச் சட்டப்படி, நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ள ஓர் அகதி தான் தப்பிவந்த நாட்டுக்குப் போய்வந்தால் அகதி நிலையோடு வதிவிடத்தையும் இழக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து அவர் போட்ட அட்டையை அன்போடு பகிர்பவர் இதை யோசித்தாரா?

கொலனியகாலத் தபாலட்டைகளைக் கண்டால் எமக்கு வரும் கோபத்தையும் இங்கே சொல்லவேண்டும். கொழும்பின் பிளாற்றே, ஸ்கீன் கம்பெனிகள் விற்ற அட்டைகளில் எங்கள் பூட்டிகள் பெயரற்று, ‘தமிழ்ப் பெண்’ என்று நிற்கிறார்கள். அல்ஜீரியப் பெண்களை இப்படிக் காட்டிய அட்டைகளைப் பற்றி மாலிக் அலூலா 1981இல் எழுதிய நூலை மேற்கோள் காட்டாத கருத்தரங்கு இல்லை. படப்பக்கத்தில் கேளாமல் காட்டப்பட்ட பெண்ணுக்காகப் பேசும் நாம், எழுத்துப்பக்கத்தில் அதையே செய்கிறோம். அவர்கள் பெயரை மறைத்தார்கள். நாம் பெயரோடு போடுகிறோம். அந்நியருக்கு அட்டை அனுப்பி விளையாடும் போஸ்ட்குரொஸிங் பொழுதுபோக்குக்காரரிடம்கூடப் படப்பக்கத்தை மட்டும் காட்டும் வழக்கம் இருக்கிறது.

எழுதியவரிடம் அனுமதி கேட்டால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். போதாது. என்னிடம் கேட்டிருந்தால் நான் வாசித்தும் பாராமல் சம்மதித்திருப்பேன் என்பதுதான் உண்மை. அட்டையில் நான் பாதி, நண்பர் பாதி என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. அதில் பெயர் வந்தவர் எங்கள் கணக்கில் இல்லை. அவர் எழுதவுமில்லை, பெறவுமில்லை.

அவருடைய மகள்தான் முதலில் கண்டிருக்கிறாள். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவள். “அங்கிள், அம்மா ஆருக்கு ஒளிச்சிருந்தவா?” என்று என்னைக் கேட்டாள். தாய் அவளுக்குச் சொல்லி வளர்த்த கதை வேறு. அதைத் தன் நேரத்தில், தன் சொற்களில் சொல்லும் உரிமை அந்தத் தாய்க்கு இருந்தது. அதை நாங்கள் இருவரும், ஒருவர் எழுதியும் ஒருவர் காட்டியும், பறித்துவிட்டோம்.

பிறகு தாயுடன் கதைத்தேன். நண்பர்மேல் அவருக்குப் பெரிய கோபமில்லை. “அவர் இப்பதானே காட்டினவர். நீர் ஏன் அதை மட்டையில எழுதினீர்?” என்று கேட்டார். கடித உறை வாங்க மினைக்கெடவில்லை என்பதைத் தவிர என்னிடம் பதில் இருக்கவில்லை.

நண்பர் அட்டையை எடுத்துவிட்டார். அதற்குள் எத்தனை பேர் பிரதி எடுத்தார்களோ தெரியாது. அவருடைய பெட்டியில் இன்னும் நாற்பதுக்கு மேற்பட்ட அட்டைகள் இருக்கின்றன. எறிய வேண்டாம் என்று நானே சொன்னேன். அவற்றில் வரும் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். முகவரியையும் முத்திரையையும் மறைப்பது பத்து நிமிட வேலை. ஆட்களைத் தேடிக் கேட்பதுதான் நீள்கிறது. இதுவரை பதினொரு பேரைத் தேடியதில் ஏழு பேர் கிடைத்தார்கள். ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவர் அட்டையின் பிரதியைத் தனக்கு மட்டும் அனுப்பச் சொன்னார். இன்னொருவர் போடுங்கோ என்றார், தன் பெயரை மட்டும் வெட்டிவிட்டு.