சுங்க வாசலில் யாரை நம்புவது?

2023 மே 23ஆம் திகதி துபாயிலிருந்து கட்டுநாயக்கவில் வந்திறங்கிய அப்போதைய புத்தளம் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் அலி சப்ரி ரஹீம், பிரமுகர்களுக்கான வழியால் வெளியேறும்போது சுங்கத்தாரிடம் பிடிபட்டார். பொதிகளில் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட தங்கமும் 91 கைத்தொலைபேசிகளும் இருந்தன. பெறுமதி ஏழு கோடி ரூபாவைத் தாண்டியது. பொருட்கள் பறிமுதலாயின, 75 இலட்சம் ரூபா தண்டம் கட்டிய பின் அவர் விடுவிக்கப்பட்டார். தமக்கும் அந்தப் பொருட்களுக்கும் தொடர்பில்லை என்பது அவர் சொன்ன மறுப்பு. நாடு முழுவதும் அந்த மனிதரைப் பற்றியே பேச்சாக இருந்தது. அவர் வந்த வழியைப் பற்றியும் அதே அளவு பேசியிருக்க வேண்டும். இவருடைய பெட்டியை மற்றவர்கள் பெட்டியைப் போலப் பார்க்கத் தேவையில்லை என்ற நம்பிக்கை எதிலிருந்து வந்தது? பதவியிலிருந்து மட்டுமே.

இந்தக் கரைக்கு அந்த வழக்கம் மிகப் பழையது. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா ‘பத்தாளா’ என்று குறிப்பிடும் துறையைப் புத்தளம் என்றே வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். ஆரியச் சக்கரவர்த்தியின் ஆளுகையில் இருந்த அந்தக் கரையை நெருங்கக் கப்பல் தலைவன் அஞ்சினான். நீங்கள் யார் என்று கரையிலிருந்து வந்தவர்கள் கேட்டபோது, தாம் மதுரையை ஆண்ட மஅபர் சுல்தானின் உறவினர் என்றும், கப்பலில் உள்ளவை அவருக்கான அன்பளிப்பு என்றும் இப்னு பதூதா சொன்னார். அந்த ஒரு சொல் போதுமாயிற்று. அரசன் அவரை விருந்தினராக ஏற்று, பாவா ஆதம் மலைக்குப் போய்வரப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்தான். உறவும் பதவியுமே அன்றைக்குக் கடவுச்சீட்டு. இன்றைக்கும் பிரமுகர் வழி அதே அடிப்படையில்தான் இயங்குகிறது.

இதற்கு மாற்றாகப் பல நாடுகள் முன்வைப்பது ‘நம்பகமான பயணி’ திட்டம். அமெரிக்காவின் குளோபல் என்ட்ரி 2008இல் தொடங்கியது. விண்ணப்பிப்பவரின் குற்றப் பதிவு, சுங்கப் பதிவு, குடிவரவுப் பதிவு எல்லாம் சோதிக்கப்படும்; விரல் ரேகை எடுக்கப்படும்; அதிகாரி நேரில் விசாரிப்பார். தேறியவருக்கு ஐந்தாண்டு அனுமதி. கட்டணம் 2024 ஒக்டோபர் முதல் 120 டொலர். கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்தும் நெக்ஸஸ், எல்லை தாண்டி அடிக்கடி போய்வரும் டொரொன்டோத் தமிழர்களுக்குப் பழக்கமானது. இந்தியா 2024 ஜூனில் டில்லி விமான நிலையத்தில் இத்தகைய திட்டத்தைத் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னைக்கும் கொண்டுவந்தது, கட்டணம் இல்லை. ஆனால் இந்தியத் திட்டம் குடிவரவு வரிசையை மட்டுமே சுருக்குகிறது. பெட்டியைப் பார்க்கும் சுங்கத்தின் வேலை அப்படியே இருக்கிறது. அமெரிக்கத் திட்டம் இரண்டையும் ஒன்றாகத் தொடுகிறது. இவற்றைப் போல ஒன்று இங்கும் வேண்டும் என்று கேட்பவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

திட்டத்தின் முதல் பலம், நம்பிக்கைக்கு அது காரணம் கேட்கிறது என்பது. யாரை நம்பினோம், எதைச் சோதித்தபின் நம்பினோம் என்பதற்கு எழுத்தில் சான்று இருக்கும். அந்த நம்பிக்கையைப் பறிக்கவும் முடியும். குளோபல் என்ட்ரி உறுப்பினர் ஒருவர் பையில் இருந்த பழத்தை அறிவிக்க மறந்தால்கூட உறுப்புரிமையை இழக்கக்கூடும். இது கடுமைதான். ஆனாலும் பெருந்தொகைத் தங்கத்தோடு பிடிபட்டவர் பதவியில் தொடரும் வரை பிரமுகர் வழியும் திறந்தே இருக்கக்கூடிய ஏற்பாட்டைவிட இது நேர்மையானது.

இரண்டாவது பலம் அதிகாரியின் கவனத்தை மிச்சப்படுத்துவது. கவனம் எங்கே தேவைப்படுகிறது என்பதைப் புத்தளம் கரையில் நின்று பார்த்தால் தெரியும். கற்பிட்டிக் கடலில் விஜய கடற்படைத் தளத்தின் ரோந்துப் படகுகள் மடக்குவதெல்லாம் பீடி இலை மூட்டைகள், மருந்துக் குளிசைகள், உலர்ந்த மஞ்சள். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மஞ்சளின் விலை எகிறியதும் இந்தியக் கரையிலிருந்து டிங்கிப் படகுகளில் அது வரத் தொடங்கியது. இங்கிருந்து தங்கம் அங்கே போகிறது. சுங்கத்தின் ஆட்களும் கருவிகளும் அளவுக்குட்பட்டவை. ஆண்டுக்கு ஒருமுறை உறவினரைப் பார்க்க வரும் குடும்பத்தின் சேலைகளைப் புரட்டுவதில் செலவாகும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் படகுகளுக்குக் கிடைக்கும் மணி நேரம். ஆபத்துக் குறைந்தவர்களை விரைவில் விடுவது என்ற கொள்கை இந்த அளவில் சரியானது.

இனி கப்பலில் வரும் பயணிக்கு வருவோம். உல்லாசக் கப்பலிலிருந்து இறங்குபவருக்கு நம்பகமான பயணி அட்டை எவ்வளவு உதவும்? மிகக் குறைவாகவே. துறைமுக அதிகாரிகள் கப்பலுக்கு அனுமதி கொடுக்கும் வரை எவரும் இறங்க முடியாது. பிறகு பயணிகளைத் தொகுதி தொகுதியாக இறக்குவார்கள். பெரிய பெட்டிகள் முந்தைய இரவே சேகரிக்கப்பட்டு மண்டபத்தில் அடுக்கப்பட்டிருக்கும். தன் பெட்டியைத் தேடி எடுப்பதில் நேரம் போகும். அட்டை சுருக்குவது இவற்றுக்குப் பின்னால் வரும் கடைசி வரிசையை மட்டுமே. அமெரிக்கத் துறைமுகங்கள் பலவற்றில் அந்த வரிசையும் இப்போது முகத்தைப் படத்தோடு ஒப்பிடும் கருவியால் எல்லோருக்குமே சுருங்கிவிட்டது. அட்டை வைத்திருப்பவரும் இல்லாதவரும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வெளியேறுகிறார்கள். எல்லோருக்கும் வேகம் கிடைக்கும் இடத்தில் சலுகைக்கு விலை இல்லை. இந்தத் திட்டங்களைப் பற்றிய மிக முக்கியமான பாடமாக நான் கருதுவது இதைத்தான்.

உல்லாசக் கப்பலில் அட்டைக்கு வேலை குறைவு என்பதை நம் கடலிலும் காணலாம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த கோர்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இடங்களைத் தொட்டது. அதில் வந்தவர்கள் பகலில் ஊர் பார்த்துவிட்டு மாலையில் கப்பலுக்குத் திரும்பும் விருந்தாளிகள். பெட்டிகள் அறையிலேயே இருந்துவிடும். சுங்கத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைப் படகுச் சேவையின் கதை வேறு. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மீண்ட அந்தச் சேவையில் மக்கள் பொதிகளோடுதான் வருகிறார்கள். விரைவு வழி வேண்டுமானால் அது தேவைப்படும் இடம் இதுதான்.

ஆனால் திட்டத்தின் முதல் குறை தெரியவருவதும் இங்கேதான். அடிக்கடி போய்வருபவருக்கே நம்பகமான பயணி அட்டையால் பயன் அதிகம். இந்தக் கடலிலும் இந்த வான்வழியிலும் மிக அடிக்கடி போய்வருபவர்கள் யார்? ‘குருவி’ என்று நாம் அழைக்கும் சிறு வியாபாரிகள். சேலை, மசாலா, அழகுசாதனப் பொருள் என்று பொதி சுமந்து பிழைப்பவர்கள். அதே அடிக்கடிப் பயணம், தொழிலதிபர் ஒருவரிடம் இருந்தால் நம்பிக்கைக்குச் சான்றாகிறது. குருவியிடம் இருந்தால் சந்தேகத்துக்குக் காரணமாகிறது. இவர்களில் சட்டப்படி தீர்வை கட்டிக் கொண்டுவருபவர்களும் உண்டு, மறைத்துக் கொண்டுவருபவர்களும் உண்டு. இவர்களைப் பிரித்தறிய வழி சொல்லாத திட்டம், ஏற்கனவே மதிக்கப்படுபவர்களுக்கு இன்னொரு மரியாதையாகவே முடியும்.

இரண்டாவது குறை, நம்பப்படுபவரே கடத்தலுக்கு மிகச் சிறந்த வாகனமாகிவிடுவது. 2011இல் மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸிலிருந்து அமெரிக்காவின் எல் பாசோவுக்கு விரைவு வழியில் நாளும் போய்வந்த சிலரின் வாகனங்களில், அவர்களுக்கே தெரியாமல் போதைப்பொருள் ஒளித்துவைக்கப்பட்டது வெளிவந்தது. சோதனை குறைவு என்பதைத் தெரிந்துகொண்டே கடத்தல்காரர்கள் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். குற்றமற்ற ஓர் ஆசிரியை சிறைவரை போய்வர நேர்ந்தது. ஆகவே, முன்னறிவிப்பில்லாத சோதனை இல்லாத நம்பிக்கை, நம்பப்படுபவருக்கே ஆபத்தானது. எத்தனை உயர்ந்த அட்டையாக இருந்தாலும் எந்த நாளும் எந்தப் பெட்டியும் திறக்கப்படலாம் என்ற நிலை இருந்தால்தான் அந்த அட்டைக்கு மதிப்பு.

மூன்றாவது குறையைப் புத்தளத்து மக்கள் மற்றவர்களைவிட நன்றாக அறிவார்கள். இந்தத் திட்டங்கள் ஒருவரை ஆவணங்கள் வழியாகவே அறிகின்றன: நிலையான முகவரி, தொடர்ச்சியான பதிவு, ஒரே எழுத்துக்கூட்டில் எழுதிய பெயர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் குடியேறிய முஸ்லிம்களில் பலர் கையில் எடுத்ததோடு வந்தவர்கள். முப்பது ஆண்டுகள் கழிந்தும் அவர்களில் பலருக்கு வாழ்வது ஒரு மாவட்டத்தில், வாக்காளர் பதிவு இன்னொரு மாவட்டத்தில். 2019 ஜனாதிபதித் தேர்தலன்று வாக்களிப்பதற்காகப் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு அவர்கள் பேருந்தில் போக வேண்டியிருந்தது. இத்தகைய ஒருவர் கணினியின் பார்வையில் எப்போதும் கேள்விக்குரியவர். குவைத்திலும் சவூதியிலும் வீட்டுவேலை செய்து ஒப்பந்தம் முடித்துத் திரும்பும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். நாட்டுக்கு அந்நியச் செலாவணி அனுப்பியவள். பெட்டியில் பிள்ளைகளுக்கான பொருட்கள். கட்டணமும் நேர்முக விசாரணையும் இணைய விண்ணப்பமும் கேட்கும் திட்டம் ஒன்றில் அவள் பெயர் எளிதில் இடம்பெறாது.

நான்காவதாக, அரசு கொடுத்த நம்பிக்கையை அரசு வேறு கணக்குகளுக்காகவும் பறிக்கலாம். 2020 பெப்ரவரியில் நியூயோர்க் மாநிலத்தின் சாரதி அனுமதிப்பத்திரச் சட்டத்தோடு ஏற்பட்ட பிணக்கில், அம்மாநில மக்கள் குளோபல் என்ட்ரியில் புதிதாகச் சேர்வதையும் உறுப்புரிமையைப் புதுப்பிப்பதையும் அமெரிக்க அரசு நிறுத்தியது. தனிப்பட்ட முறையில் எவரும் தவறு செய்திருக்கவில்லை. ஜூலையில் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. முறையிடும் உரிமை சட்டத்தில் எழுதப்படாத நம்பிக்கை, ஆள்பவரின் தயவாகச் சுருங்கிவிடும்.

நம்முடைய சட்டத்தில் இன்னொரு பலவீனமும் உண்டு. 1869ஆம் ஆண்டின் சுங்கக் கட்டளைச் சட்டம் கடத்திய பொருளின் பெறுமதியைப் போல மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்க இடம் கொடுக்கிறது. அதைக் குறைக்கும் அதிகாரத்தையும் பணிப்பாளர் நாயகத்திடம் கொடுத்திருக்கிறது. 2023ஆம் ஆண்டுச் சம்பவத்தில் மக்களை உறுத்தியது இந்த இடைவெளிதான். நம்பிக்கையை மீறினால் என்ன இழப்பு என்பது முன்கூட்டியே உறுதியாகத் தெரியாத நாட்டில், நம்பகமான பயணி அட்டை வெறும் சலுகைச் சீட்டாகிவிடும்.

எனவே இத்திட்டத்தை முழுதாகப் புறக்கணிப்பதும் அப்படியே இறக்குமதி செய்வதும் தவறு. காரணம் காட்டி நம்புவது, மீறினால் பறிப்பது என்ற அதன் இரண்டு கொள்கைகளும் நமக்கு வேண்டும். அவற்றை முதலில் பயன்படுத்த வேண்டிய இடம் பிரமுகர் வழி. அமைச்சரும் உறுப்பினரும் தம் பொதிகளைப் பொறுத்தவரை மற்றவர்களைப் போலவே பச்சை வழியிலோ சிவப்பு வழியிலோ நடக்க வேண்டும். அடுத்து, காங்கேசன்துறையிலும் கட்டுநாயக்கவிலும் எல்லாப் பயணிகளுக்கும் வரிசை சுருங்கும்படி கருவிகளும் ஆட்களும் வர வேண்டும். அதன் பின்னும் தனி வழி தேவைப்பட்டால், அதைக் கட்டணமின்றித் திறந்து, ஒழுங்காக அறிவித்துத் தீர்வை கட்டிய பதிவையே தகுதியாக வைக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து திரும்பும் பெண்ணுக்கும் நேர்மையான குருவிக்கும் அதில் முதலிடம் தர வேண்டும். இந்த வரிசை மாறினால், பதவிக்குக் கிடைத்த சலுகை பணத்துக்குக் கைமாறும். சோதனை மேசையில் நிற்பவர்கள் அதே மக்களாகவே இருப்பார்கள்.