கொழுவும் உலையும்: டென்மார்க் தரும் தீர்ப்பு

தொழிற்புரட்சிக் காலத்து இரும்பாலைகளை வளர்த்துவிட்ட வாடிக்கையாளர்களில் முதன்மையானவர் உழவரே என்பது பொருளாதார வரலாற்றாளர் பால் பைரோக்கின் வாதம். விளைச்சல் பெருகியது, கையில் காசு புரண்டது, கொழுவும் லாடமும் கூடுதலாக விற்றன, உலைகள் பெருகின என்று அது போகிறது. இங்கிலாந்தை வைத்து இதைச் சோதிப்பது கடினம். உழவர், தாது, நிலக்கரி மூன்றும் அங்கே இருந்ததால் எது எதை இழுத்தது என்று பிரித்தறிய முடியாது. டென்மார்க்கில் உழவர் மட்டுமே உண்டு. ஜூட்லாந்தின் சதுப்புத் தாதுவை உருக்கும் பழந்தொழில் 17ஆம் நூற்றாண்டோடு ஒடுங்கிவிட்டது. நிலக்கரியோ பார்ன்ஹோம் தீவில் கொஞ்சம், அவ்வளவே.

ஆனாலும் இரும்பு வந்தது. 18ஆம் நூற்றாண்டு டேனிஷ் பண்ணை வீட்டில் மிகக் கனமான இரும்புப் பொருள் கலப்பை அல்ல, கணப்பு அடுப்புதான். அடுக்களைப் பக்கமிருந்து எரியூட்டப்பட்டு அடுத்த அறையைச் சூடாக்கும் வார்ப்பிரும்புப் பெட்டி அது. விவிலியக் காட்சிகளும் அரச முத்திரையும் பொறித்து நார்வே ஆலைகளிலிருந்து வந்தது. இரு நாடுகளும் ஒரே அரசரின் கீழ் இருந்த காலம். 1730இல் அந்நிய இரும்புக்குத் தடை வந்ததும் டேனிஷ் உழவர் நார்வே ஆலைகளின் கட்டுண்ட வாடிக்கையாளர் ஆனார். 1814இல் கீல் உடன்படிக்கை நார்வேயைப் பிரித்தபோது உலைகளும் அதனோடு போயின.

டேனிஷ் வரலாற்றாளர் தோர்கில் கியேர்கோர் இந்த இறக்குமதிக்கு இன்னும் பெரிய இடம் தருகிறார். காடழிந்து மரத் தட்டுப்பாட்டில் சிக்கிய நாட்டை மீட்டவை வெளியிலிருந்து வந்த இரும்பும் நிலக்கரியும், கூடவே குளோவர் பயிரும் என்கிறார். 1788இல் குடியானவருக்குக் கிடைத்த விடுதலையைப் பெரிதாக்கும் பாடநூல் கதைக்கு இது நல்ல மாற்று மருந்து. அடுப்பைப் பொறுத்தவரை ஏற்கலாம். கலப்பையில் இடிக்கிறது. குதிரைகள் பல பூட்டிய பழைய சக்கரக் கலப்பையில் கொழுவும் வெட்டுக்கத்தியும் போக மீதி பெரும்பாலும் மரம். இரண்டு குதிரை இழுக்கும் ஆங்கிலப் பாணிக் கலப்பை பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். அதையும் 1769இல் தோன்றிய அரச வேளாண் சங்கம் பரிசாகக் கொடுத்துப் பழக்க வேண்டியிருந்தது. பரிசு கொடுத்து வரவழைத்த தேவையை உலையை மூட்டிய விசை என்பது மிகை. நிலச் சீர்திருத்தம் துண்டு வயல்களை ஒன்றுசேர்த்து ஒவ்வொரு பண்ணைக்கும் தனி ஏரைத் தேவையாக்கியதுதான் வலுவான காரணம்.

அடுத்த கட்டம்தான் தீர்ப்புக்கு உதவுகிறது. 1836இல் ஓடென்சேயில் அல்லெருப், 1853இல் மோர்ஸ் தீவில் மோர்சோ என்று வார்ப்படச் சாலைகள் எழுந்தன. இவற்றுக்கு இரும்பு வெளியிலிருந்து, வாடிக்கையாளர் உள்ளூரில். 1870களில் அமெரிக்கத் தானியம் விலையைச் சாய்த்ததும் உழவர் வெண்ணெய்க்குத் திரும்பினார். 1878இல் ரோஸ்கில்டெயின் மாகிளகில்டெ ஆலை பாலாடை பிரிக்கும் சுழல் இயந்திரத்தைச் செய்தது. 1882இல் யெடிங்கில் முதல் கூட்டுறவுப் பால் ஆலை. 1900 வாக்கில் அத்தகைய ஆலைகள் ஆயிரத்தைத் தாண்டின. நாலு மாடு வைத்திருப்பவர் பாலாடை இயந்திரத்தையும் அதைச் சுழற்றும் நீராவி எஞ்சினையும் தனியே வாங்க முடியாது. எல்லாருமாகப் பொறுப்பேற்றுக் கடன் வாங்கினால் முடியும்.

ஆகவே பைரோக்கின் வாதத்தில் பாதியே நிற்கிறது. தாது இல்லாத இடத்தில் உழவரின் தேவை உலையை உண்டாக்காது. பிரடெரிக்ஸ்வெர்க் எஃகு ஆலை 1940களில்தான் வந்தது, அதுவும் பழைய இரும்பை உருக்க. பட்டறையையும் வார்ப்படச் சாலையையும் உழவரின் தேவை உண்டாக்கும், வாங்குபவர்கள் ஒன்றுகூடினால் இன்னும் விரைவாக. விற்ற இரும்பை எடை போட்டுப் பார்த்தால் இது தெரியாது: ஒரு கணப்பு அடுப்பில் இரும்பு நிறைய இருந்தது, பாலாடை இயந்திரத்தில் கைத்திறன்.