ஏழா, ஏழுக்கு மேலா?

2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபையின் முடிவு வர்த்தமானியில் வெளியானபோது, தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. குறித்த அளவுக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோ கொழுந்துக்கும் 50 ரூபாய். அதே ஆண்டு மே மாதம் அறிவிக்கப்பட்டு, கம்பெனிகள் நீதிமன்றம் போனதால் கைக்கு வராமலே போன தொகை 1,700. அப்படியானால் தெரணியகலவிலோ இறக்குவானையிலோ கொழுந்தெடுக்கும் ஒரு பெண் அந்த 1,700 ரூபாயைப் பார்க்க எத்தனை கிலோ கூடுதலாக எடுக்க வேண்டும்?

அவருடைய மகள் பத்தாம் தரத்தில் இருந்தால், கூடுதல் கிலோவை 'க' என்று வைத்துக்கொண்டு 1350 + 50க = 1700 என்று எழுதி, க = 7 என்று முடித்துவிடுவாள். கணக்குச் சரி. ஆனால் தாய் கேட்ட கேள்விக்கு விடை க ≥ 7. எட்டுக் கிலோ எடுத்தாலும் 1,700 வந்துவிடும். பத்து எடுத்தாலும் வந்துவிடும். மகளின் விடை எல்லைக்கல்லை மட்டும் காட்டுகிறது, அதற்கப்பால் உள்ள நிலத்தைக் காட்டவில்லை.

இந்த இடைவெளிக்குப் பிள்ளையைக் குறை சொல்வதில் நியாயமில்லை. இலங்கைப் பாடசாலைகளில் சமனிலி கற்பிக்கப்படும் வழக்கமான முறையே அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த முறையை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: சமன்பாட்டைத் தீர்ப்பது போலவே தீர், இடையில் சமக்குறிக்குப் பதில் சமனிலிக் குறியைப் போடு. மறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறியைத் திருப்பு. கரும்பலகையின் ஒரு மூலையில் பெட்டி கட்டி எழுதப்படும் இந்த இரண்டு விதிகள்தாம் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் பெரும்பாலோர் சமனிலியைப் பற்றி வெளியே கொண்டுபோகும் ஒரே சொத்து.

முறையை எடுத்த எடுப்பிலேயே பழிக்க முடியாது. அதற்கு உண்மையான பலம் இருக்கிறது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகிறது. பிள்ளை ஏற்கெனவே பழகிய படிகளையே மறுபடியும் நடக்கிறாள். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் நேர் எண்ணால் வகுப்பதற்கும் அந்தப் படிகள் அப்படியே பொருந்துகின்றன என்பது வசதிக்காகச் சொல்லும் பொய்யல்ல, கணித உண்மை. சாதாரண தரப் பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் 25 குறுவினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. அவற்றுள் ஒன்றாகச் சமனிலி வந்தால், பழகிய கை ஒரு நிமிடத்தில் அந்த இரண்டு புள்ளியை எடுத்துவிடும். கணிதத்தில் சித்தி இல்லாமல் மேலே போகும் வழி குறுகிவிடும் நாட்டில் இரண்டு புள்ளி சின்ன விஷயமல்ல.

தோட்டப் பாடசாலையில் அது இன்னும் பெரிது. 1945 இல் வந்த இலவசக் கல்வியின் வாசல் தோட்டப் பிள்ளைகளுக்கு முழுதாகத் திறக்கவில்லை. தோட்ட நிர்வாகங்களின் கையில் இருந்த பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970-களில்தான். அந்தத் தாமதத்தின் பாக்கி இன்னும் தீரவில்லை. அந்த இரு மாவட்டங்களும் சேர்ந்த சப்ரகமுவவில் தமிழ்மொழி மூலம் உயர்தரக் கணிதப் பிரிவு நடக்கும் பாடசாலைகள் அரிது; அதைப் படிக்க ஆசைப்படும் பிள்ளை ஹட்டனுக்கோ கொழும்புக்கோ போக வேண்டியிருக்கிறது. அந்தப் பிரிவு இல்லாத ஊரிலிருந்து கணித ஆசிரியர் உருவாவதும் அரிது. வேறு பாடம் படித்த ஒருவர் கணித வகுப்பையும் சேர்த்துப் பார்க்கும் பாடசாலையில், பெட்டி கட்டிய இரண்டு விதிகள் ஆசிரியருக்கும் ஊன்றுகோல்தான்.

ஊன்றுகோல் வழுக்கும் இடம் மறை எண். 7 − 2க < 1 என்ற வினாவை எடுத்துக்கொள்ளலாம். ஏழை வலப்பக்கம் கொண்டுபோனால் −2க < −6. இனி −2 ஆல் வகுத்துக் குறியைத் திருப்பினால் க > 3. திருப்ப மறந்தால் க < 3. தாளில் இரண்டும் ஒரே மாதிரி அழகாகத்தான் இருக்கும். எது சரி என்று பிள்ளைக்குள் எதுவும் உறுத்தாது. இன்னொரு குழப்பமும் உண்டு. பக்கம் மாற்றும்போது கூட்டல் கழித்தலாகும் என்ற பழைய விதியும் சமனிலிக் குறி திரும்பும் என்ற புதிய விதியும் மனத்தில் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, ஏழை நகர்த்தும்போதே '<' ஐத் திருப்பிவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதற்கு மருந்து பெரிதல்ல. −2க வை மறுபக்கம் கொண்டுபோனால் 7 < 1 + 2க. பிறகு 6 < 2க. பிறகு 3 < க. திருப்பும் விதிக்கே வேலையில்லை. அந்த விதி எங்கிருந்து வந்தது என்பதும் இதே படிகளில் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பின் ஒரு சோதனை: க வுக்கு 4 போட்டால் 7 − 8 = −1, அது 1 ஐ விடச் சிறிது, சரி. க வுக்கு 0 போட்டால் 7 < 1, பிழை. எல்லையின் இருபுறமும் பக்கத்துக்கோர் எண்ணைப் போட்டுப் பார்க்கும் இந்த வேலைக்கு அரை நிமிடம் போதும். வகுப்பறையில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

பாடத்தை விளங்கவைக்கப் பயன்படும் தராசுப் படத்தையும் இங்கே விசாரிக்க வேண்டும். இரண்டு தட்டும் சமமாக நின்றால் சமன்பாடு, ஒன்று தாழ்ந்தால் சமனிலி. கொழுந்து மடுவத்தில் நிறுவையைப் பார்த்தே வளரும் பிள்ளைக்கு இது உடனே ஏறும். இருபுறமிருந்தும் ஒரே எடையை எடுத்தால் தட்டு நின்ற நிலை மாறாது. இருபுறத்தையும் இரட்டித்தாலும் மாறாது. ஆனால் −2 ஐ எந்தத் தட்டில் வைப்பது? குறி திரும்பும் ஒரே இடத்தில் தராசு வாயை மூடிக்கொள்கிறது. அங்கே எண்கோடு வேண்டும், அல்லது கடன் வேண்டும். 3,000 ரூபாய் வைத்திருப்பவர் 2,000 வைத்திருப்பவரை விட வசதியானவர். 3,000 ரூபாய் கடன்காரர் 2,000 கடன்காரரை விட நொந்தவர். பூச்சியத்தைத் தாண்டி மறுபக்கம் போனதும் வரிசை தலைகீழாகிவிட்டது. கடையில் கடன் கொப்பி வைத்திருக்கும் எந்த லயத்திலும் இதைத் தனியாக விளக்க வேண்டிய தேவை இராது.

குறி திரும்பாத பிழையை விட ஆழமான குறை ஒன்று உண்டு: விடை என்றால் என்ன என்பது பற்றியது. கனடிய ஆய்வாளர் கரோலின் கீரன் 1981 இல் எழுதிய கட்டுரையில், சமக்குறியை மாணவர்கள் 'இனி விடையை எழுது' என்ற கட்டளையாகவே வாசிக்கிறார்கள் என்று காட்டினார். அந்தப் பழக்கத்தோடு வரும் பிள்ளை க > 3 என்பதையும் ஒற்றை விடையாகவே பார்க்கிறாள். கீழே எண்கோடு வரைவது அவளுக்குப் புள்ளிக்காகப் போடும் அலங்காரம். ஒரு தொகுதி எண்கள் முழுவதும் விடையாக முடியும் என்பது அவளுக்குச் சொல்லப்பட்டிருக்கலாம், உணர்த்தப்படவில்லை.

மறுகோடிக்குப் போகும் தவறும் இருக்கிறது. இஸ்ரேலின் பெசியா ட்சமீரும் இத்தாலியின் லூசியானா பாட்சினியும் 2000-களின் தொடக்கத்தில் இரு நாட்டு மேல்வகுப்பு மாணவர்களிடம் சமனிலிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓர் எண்ணின் நான்காம் அடுக்கை ஐந்தால் பெருக்கினால் பூச்சியமோ அதற்குக் குறைவோ வர வேண்டும் என்றால், அந்த எண் எது? நான்காம் அடுக்கு மறையாகவே முடியாது. ஆகவே பூச்சியம் மட்டும்தான். பல மாணவர்கள் சமன்பாட்டைப் போலத் தீர்த்து, 'பூச்சியமும் அதற்குக் கீழ் உள்ளவையும்' என்று எழுதினார்கள். சமனிலிக்கு ஒற்றை எண் விடையாக வராது என்று நம்பியவர்களும் இருந்தார்கள். ஆக இந்தக் குறை வறிய பாடசாலைக்கு மட்டும் உரியதல்ல; வசதியான வகுப்பறையிலும் இதே முறை இதே பள்ளத்தில் விழுத்துகிறது.

சப்ரகமுவவுக்கு வேறோர் உதாரணமும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, அது சம்பளத்தை விடக் கனமானது. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போனார்கள். அதே அடைமழையில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டக் குடியிருப்பின் மீதும் மண் விழுந்தது. மண்சரிவு எச்சரிக்கை விடும் பொறுப்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துடையது. அது மழையை மூன்று எல்லைகளால் பிரிக்கிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரை விஞ்சினால் விழிப்பாயிரு, 100 ஐ விஞ்சினால் வெளியேற ஆயத்தமாகு, 150 ஐ விஞ்சினால் வெளியேறு.

மழையை 'ம' என்று வைத்தால் முதல் நிலை 75 < ம ≤ 100. எண்கோட்டில் 75 இன் மேல் வெற்று வட்டம், 100 இன் மேல் நிரப்பிய வட்டம். ஒன்பதாம் தரத்தில் பிள்ளைகள் மாறிமாறிப் போட்டுத் தடுமாறும் அந்த இரண்டு வட்டங்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. மழைமானி சரியாக 100 காட்டினால் எந்த நிலை? 'விஞ்சினால்' என்று சொல்லியிருப்பதால் இன்னும் முதல் நிலைதான். வட்டத்தை நிரப்புவதா வெறுமையாக விடுவதா என்பதை அறிவித்தல் ஒன்றை வாசித்துத் தீர்மானிக்கும் வகுப்பில் பிள்ளை அதை மறப்பது கடினம். ம = 100 என்ற சமன்பாட்டை மட்டும் தீர்க்கத் தெரிந்தவருக்கு இந்த அறிவித்தலால் பெரிய பயனில்லை; மழை அந்த எண்ணில் சற்று நேரம் நிற்கக்கூடும், அவ்வளவுதான். ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். உறவுகளை மண்ணுக்குக் கொடுத்த வீட்டுப் பிள்ளை அந்த வகுப்பில் இருக்கலாம். எந்த ஆண்டு, எந்த ஊர் என்று எடுக்காமலே இந்தக் கணக்கைச் செய்யலாம். ஆசிரியர் தம் வகுப்பை அறிந்து தீர்மானிக்க வேண்டியது அது.

வாழ்க்கை உதாரணம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று நினைப்பதும் அவசரம். கிலோவும் மழையும் மறையாக வருவதில்லை. முன்னே பார்த்த மிகக் கடினமான இடத்தை இந்த உதாரணங்கள் தொடுவதே இல்லை. அதற்கு வெறும் எண்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். சமன்பாட்டுக்கும் சமனிலிக்கும் இடையிலான கோட்டைப் பாடநூலே மங்கவைக்கும் இடங்களும் உண்டு. வட்டத்தின் பரப்புக்கு எல்லோரும் பையை 22/7 என்று பிரதியிட்டுப் பழகியிருக்கிறோம். ஆர்க்கிமிடீஸ் நிறுவியது ஒரு சமனிலி: பை 223/71 ஐ விடப் பெரிது, 22/7 ஐ விடச் சிறிது. இரண்டு வேலிகளுக்கு நடுவே இருந்த எண்ணை ஒரு வேலியின் மேலேயே ஏற்றிவைத்துவிட்டு, சமன்பாட்டுக்கும் சமனிலிக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளையிடம் கேட்கிறோம்.

பாடத்திட்டத்தின் அமைப்பும் இந்த முறைக்குத் துணைபோகிறது. சமன்பாடு முன்னதாகவே வேரூன்றிவிடுகிறது. சமனிலி ஒன்பதாம் தரத்திலிருந்து ஆண்டுக்கு ஓர் அலகாகத் தனியே வருகிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் சந்திப்பது குறைவு. பதினோராம் தரத்தில் மாறி இருபுறமும் வரும் சமனிலி இருக்கிறது. சந்திப்பை நடத்த அது நல்ல இடம். ஒரு தோட்டத்தில் நாளளவு 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 2024 இன் நாட்கூலி முறையில் அந்த அளவோ அதற்கு மேலோ எடுக்கிறவரின் வருமானம், மொத்தக் கிலோ 'ப' என்றால், 1350 + 50(ப − 18), அதாவது 450 + 50ப. இன்னொரு முறையில் கிலோவுக்கு 70 ரூபாய் கைக்காசு. இந்த 70 கணக்குக்காக வைத்தது. கைக்காசு எப்போது இலாபம்? 70ப > 450 + 50ப, ஆகவே ப > 22.5. ஆள்கூற்றுத் தளத்தில் இரண்டு கோடுகளையும் வரைந்தால் அவை வெட்டும் புள்ளி சமன்பாட்டின் விடை, அதற்கு வலப்புறம் முழுவதும் சமனிலியின் விடை. 22 கிலோ எடுப்பவருக்கு நாட்கூலியில் 1,550, கைக்காசில் 1,540. 23 கிலோ எடுப்பவருக்கு நாட்கூலியில் 1,600, கைக்காசில் 1,610.