மீனாட்சியம்மாள் கூட்டத்தைப் பிடித்த விதம்

கிரிக்கெட் வீரரை மதிப்பிட ஸ்கோர் புத்தகம் இருக்கிறது. ஊர் ஊராகப் போய்ப் பாடியவருக்கு அவர் வெட்டி ஒட்டி வைத்த கொப்பிதான் அது: நோட்டீஸ், பத்திரிகைத் துண்டு, பாட்டுப் புத்தகம். நடிகமணி வி. வி. வைரமுத்து ‘மயான காண்டம்’ நாடகத்தை 3000 தடவைக்கு மேல் ஆடினார் என்று இன்றும் சொல்கிறோம். மலையகத் தொழிலாளர் மத்தியில் பாடித் திரிந்த மீனாட்சியம்மாளுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை; அச்சான பாட்டுகளை வைத்துத்தான் அவரை எடைபோட வேண்டியிருக்கிறது.

அந்தப் பாட்டுகளே போதும், அவர் எப்பேர்ப்பட்ட மேடைக்காரர் என்று காட்ட. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி அவர். கூட்டங்களில் கணவர் பேசுமுன் இவர் பாடுவார். ஆள் சேர்க்கும் வேலை என்று அதைச் சுருக்கிவிடக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் காதில் சம்பளமும் சட்டமும் ஏற வேண்டும். அதற்காக, எல்லோர் வாயிலும் இருந்த மெட்டுகளில் பாட்டுக் கட்டினார். மெட்டு முன்பே பழக்கம். புதுச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். பேச்சு கூட்டத்தோடு முடிந்துவிடும். பாட்டு கொழுந்து மலைக்கும் லயத்துக்கும் கூடவே போகும். காலக் கணிப்பும் பிசகவில்லை. 1939இல் இலங்கை அரசுத் திணைக்களங்கள் இந்தியத் தினக்கூலிகளை வேலையை விட்டு நிறுத்தின. 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற அவருடைய பாட்டு நூல் வெளிவந்துவிட்டது.

இந்த அலசலுக்கே இடம் கிடைத்தது ஆய்வாளர் சாரல்நாடன் போன்றவர்கள் பழைய தாள்களைத் தேடி எடுத்ததால்தான். மலையகத்து வாய்மொழிப் பாட்டுகளை எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்திராவிட்டால் அவையும் போயிருக்கும்.

இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளைப் பக்கம், பழையதைத் தேடிக் காக்கும் இந்த வேலை இன்னும் அவசரம். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தால் எத்தனையோ குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறின. 1977 இனவன்முறையில் பலர் உடுத்த துணியோடு வடக்கே ஓடினார்கள். 2003 வெள்ளம் இரத்தினபுரியையே மூழ்கடித்தது. இத்தனைக்கும் தப்பிய காமன் கூத்துக் கொப்பியோ, திருவிழா நோட்டீஸோ, தப்புக் கலைஞரின் படமோ இருந்தால் அது சாதாரணப் பொருள் அல்ல.

காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைத் தோட்டத்து வாசகர்களே, தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கிழிந்த பக்கத்தில் டேப் ஒட்டாதீர்கள். போனில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஆடியவர் பெயர், தோட்டம், ஆண்டு மூன்றையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஒரு பிரதியை, தமிழ் ஆவணங்களை இணையத்தில் பாதுகாக்கும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். அசல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.