ஜும்பா லாஹிரியின் மூன்றாவது மொழி

அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன முதல் வாரமே என் பெயர் மாறிவிட்டது. நம்ம ஊரில் அப்பா பெயர் என்பது ஒரு இனிஷியல், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் அது விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. ஆபீசில் கணக்கு உருவாக்கியவர் அதையே என் பெயராக எடுத்துக்கொண்டார். அடுத்த ஒன்பது வருஷம் மீட்டிங்கில் என்னைக் கூப்பிட்டதெல்லாம் அப்பா பெயரால்தான். என் கோடில் பக் வந்தால், வாழ்க்கையில் விமானமே ஏறாத அந்த மனுஷனுக்குத் திட்டு விழும். முதலில் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். ஒரு கட்டத்தில் அந்தப் பெயருக்குத்தான் சட்டென்று திரும்பிப் பார்க்கிறேன் என்று தெரிந்தபோது கொஞ்சம் பயமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் ஜும்பா லாஹிரியின் 'தி நேம்சேக்' (2003) கையில் கிடைத்தது. ஒரே மூச்சில் படித்தேன். அதன்பிறகு அவர் எழுதியதையெல்லாம் தேடித்தேடிப் படித்தேன், அவர் திடீரென்று இத்தாலிய மொழிக்குத் தாவும் வரைக்கும். அப்போது எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் நியாயமானதுதானா என்று பத்து வருஷம் கழித்து யோசித்துப் பார்த்ததுதான் இந்தக் குறிப்பு.

பெயரில் தொடங்கிய கதை

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. லாஹிரி 1967-இல் லண்டனில் வங்காளிப் பெற்றோருக்குப் பிறந்தவர், அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் வளர்ந்தவர். வங்காளிகளுக்கு இரண்டு பெயர் உண்டு. வெளியுலகத்துக்கு ஒன்று, வீட்டில் கூப்பிட ஒன்று. 'ஜும்பா' என்பது வீட்டுப் பெயர். பள்ளியில் டீச்சருக்கு அதுதான் வாயில் எளிதாக நுழைந்தது, அதுவே நிலைத்துவிட்டது. முதல் சிறுகதைத் தொகுப்பு 1999-இல் வந்தது, 2000-இல் அதற்கு புலிட்சர் பரிசு.

'தி நேம்சேக்' இந்தப் பெயர்ச் சிக்கலைத்தான் நாவலாக விரிக்கிறது. குழந்தைக்குப் பெயர் வைக்க வேண்டியவர் கல்கத்தாவில் இருக்கும் கொள்ளுப்பாட்டி. அவர் எழுதிய கடிதம் வந்து சேரவே இல்லை. ஆஸ்பத்திரியிலோ பெயர் எழுதாமல் வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்கிறார்கள். ஒரு ரயில் விபத்தில், கையில் இருந்த கோகோல் புத்தகத்தால் உயிர் தப்பிய அப்பா, அவசரத்துக்கு மகனுக்கு 'கோகோல்' என்றே பெயர் வைத்துவிடுகிறார். மகனுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. கல்லூரிக்குப் போகும் முன் சட்டப்படி நிகில் என்று மாற்றிக்கொள்கிறான். அப்பா செத்த பிறகு, அவர் எப்போதோ பரிசாகக் கொடுத்துப் பிரிக்காமலே கிடந்த கோகோல் புத்தகத்தைத் திறந்து படிக்க உட்காருகிறான். நாவல் அங்கே முடிகிறது.

இதை அன்றைக்கு நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்றால், வேரை விட்டு ஓடினவன் கடைசியில் வேருக்குத் திரும்புகிறான், அதுதான் 'உண்மையான நான்' என்று. என் நிலைமைக்கு அது ரொம்ப வசதியான வாசிப்பு. பகலில் ஆங்கிலத்தில் கோடு எழுதுகிறேன், ராத்திரியில் தமிழில் எழுதுகிறேன். பகலில் இருப்பவன் வேஷம், ராத்திரியில் இருப்பவன் அசல். கணக்கு சரியாக வந்தது.

கணக்கைக் கெடுத்த புத்தகம்

2012-இல் லாஹிரி குடும்பத்தோடு ரோமுக்குக் குடிபோனார். 1994-இல் தங்கையோடு ஃபுளோரன்ஸ் போனபோது தொற்றிய ஆசை அது. நடுவில் பல வருஷம் ஆசிரியர் வைத்து இத்தாலியன் படித்திருக்கிறார். ரோமுக்குக் கிளம்பும் சில மாதங்களுக்கு முன்பே ஆங்கிலத்தில் வாசிப்பதை நிறுத்தினார். பிறகு ஆங்கிலத்தில் எழுதுவதையும் நிறுத்தினார். 2015-இல் இத்தாலியனில் முதல் புத்தகம் வந்தது. 2016-இல் 'இன் அதர் வேர்ட்ஸ்' என்று ஆங்கிலத்துக்கு வந்தபோது மொழிபெயர்த்தது அவர் இல்லை, ஆன் கோல்ட்ஸ்டீன். தானே செய்தால் தன் இத்தாலியனின் ஓட்டை உடைசலையெல்லாம் ஆங்கிலத்தில் பூசி மெழுகிவிடுவோம் என்ற பயம் அவருக்கு.

என் கோபம் இதுதான். வேருக்குத் திரும்புவது என்றால் வங்காளிக்கு அல்லவா போயிருக்க வேண்டும்? அவருக்கு ரத்த சம்பந்தமும் இல்லாத, யாரும் திணிக்கவும் இல்லாத ஒரு மொழிக்கு எதற்காகப் போனார்? வசதியுள்ள எழுத்தாளரின் பொழுதுபோக்கு என்று மூடி வைத்துவிட்டேன்.

பிறகு வந்த பாராட்டுகளும் எனக்கு ஒட்டவில்லை. 'லாஹிரி இத்தாலியனில் தன்னைக் கண்டுபிடித்தார்' என்கிற ரகம். போன வருஷம் புத்தகத்தை மறுபடி எடுத்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பாராட்டும் சரி, என் கோபமும் சரி, ஒரே நம்பிக்கையில்தான் நிற்கின்றன. அசலான ஒரு 'நான்' எங்கேயோ ஏற்கெனவே இருக்கிறது, போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்ற நம்பிக்கை. அவர்கள் அது ரோமில் இருக்கிறது என்கிறார்கள், நான் கல்கத்தாவில் இருக்கிறது என்றேன். புத்தகம் இரண்டுக்குமே இடம் கொடுக்கவில்லை.

ஒரு இடம் பாருங்கள். சலேர்னோவில் ஒரு கடைக்குக் குழந்தைகளுக்குத் துணி வாங்கப் போகிறார். கடைக்காரப் பெண்ணோடு லாஹிரி நன்றாகவே இத்தாலியன் பேசுகிறார். கணவர் ஆல்பெர்ட்டோ பிறகு வந்து ஏதோ ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறார். அவருக்கு ஸ்பானிஷ்தான் சரளம், இத்தாலியன் மனைவி அளவுக்கு வராது. கடைக்காரப் பெண் லாஹிரியிடமே சொல்கிறாள், உங்கள் கணவர் இத்தாலியர்தானே, என்ன சுத்தமாகப் பேசுகிறார் என்று. முகம், நிறம், பெயர் எல்லாம் அவருக்குப் பொருந்துகிறது, இவருக்குப் பொருந்தவில்லை. இருபது வருஷ உழைப்பு ஒரு நிமிஷத்தில் போச்சு. இதே சுவர் கல்கத்தாவிலும் உண்டு, அமெரிக்காவிலும் உண்டு என்று அவரே எழுதுகிறார்.

தன்னைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்ல வருகிறவர் இந்தக் காட்சியைப் புத்தகத்தில் வைத்திருக்க மாட்டார். அடையாளம் என்பது நாம் மட்டும் முடிவு செய்கிற விஷயம் இல்லை, எதிரில் நிற்பவருக்கும் அதில் ஒரு ஓட்டு இருக்கிறது. 'நீ நீயாக இரு' என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த ஓட்டைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அதே புத்தகத்தில் ஒரு சிறுகதையும் இருக்கிறது. அவர் இத்தாலியனில் முதன்முதலாக எழுதியது. புதிதாக ஒரு நகரத்துக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் ஒருத்தி, ஒரு வீட்டில் துணிகளைப் போட்டுப் பார்க்கப் போகிறாள். கிளம்பும்போது அவளுடைய கறுப்பு ஸ்வெட்டர் மாறிவிட்டது போலத் தோன்றுகிறது. இது என்னுடையது இல்லை என்கிறாள். வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது என்கிறார்கள். வேறு வழியில்லாமல் அதையே எடுத்துக்கொண்டு போகிறாள். காலையில் எழுந்து பார்த்தால் அது அவளுடையதுதான். ஆனால் பழைய ஸ்வெட்டராகத் தெரியவில்லை, முன்னைவிடப் பிடித்திருக்கிறது. துணி அதேதான். போட்டுக்கொண்டவள்தான் ஒரு ராத்திரியில் நகர்ந்திருக்கிறாள். என்னைக் கேட்டால் புத்தகத்தின் மற்ற அத்தியாயங்கள் வாதம் செய்து சொல்ல வருவதை இந்தச் சின்னக் கதை சாதாரணமாகச் சொல்லிவிடுகிறது.

இன்னொரு பக்கம்

வசதி பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது, அதைத் தாண்டிப் போகக் கூடாது. பக்கத்தில் அகோதா கிறிஸ்டோஃபை வைத்துப் பார்க்கலாம். ஹங்கேரியில் 1956 எழுச்சி நசுக்கப்பட்டபோது, கைக்குழந்தையோடு எல்லை தாண்டி ஓடியவர். சுவிட்சர்லாந்தில் நொய்ஷாட்டெல் பக்கம் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பிரெஞ்சை அங்கேதான் கற்றார். 1986-இல் அவருடைய முதல் நாவல் பிரெஞ்சில் வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆனாலும் பிரெஞ்சை எதிரி மொழி என்றுதான் சொன்னார், ஏனென்றால் அது தன் தாய்மொழியைக் கொன்றுகொண்டிருந்தது என்று. லாஹிரி காதலித்துப் போனார், கிறிஸ்டோஃபுக்கு வேறு வழி இல்லை. இந்த வித்தியாசத்தை லாஹிரி மறைக்கவில்லை, ஆனால் அதன் கனத்தை முழுசாக எடுத்துக்கொண்டார் என்றும் எனக்குப் படவில்லை. 'இன் அதர் வேர்ட்ஸ்'ஸின் பெரிய குறை இது. ஏரியில் நீந்துவது, காட்டில் பொறுக்குவது என்று உவமை மேல் உவமையாக வருகிறதே தவிர, வாடகை, விசா, சம்பளம் எல்லாம் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன. புலம்பெயர்ந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மொழி அந்த வாசலில்தான் முதலில் எதிர்ப்படுகிறது.

ஆனால் ஒரு ஒற்றுமையும் இருக்கிறது. கிறிஸ்டோஃபின் அந்த நாவல், அலங்காரமே இல்லாத குட்டிக் குட்டி வாக்கியங்களால் ஆனது. உணர்ச்சியைச் சொல்லும் வார்த்தைகளுக்கு அதில் இடமே இல்லை. மொழி போதாமல் இருந்ததையே அவர் நடையாக மாற்றிக்கொண்டார் என்று நினைக்கிறேன். லாஹிரியும் அதே இடத்துக்கு வேறு பாதையில் வருகிறார்.

இத்தாலியனில் எழுதி (2018) பிறகு தானே ஆங்கிலப்படுத்திய 'வேர்அபவுட்ஸ்' (2021) நாவலில் கதை சொல்லும் பெண்ணுக்குப் பெயர் இல்லை. ஊருக்கும் பெயர் இல்லை. நாற்பதுகளில் இருக்கும் தனியாள். நடைபாதையில், ஆபீசில், மனசுக்குள் என்று இடங்களே அத்தியாயத் தலைப்புகள். கடைசியில் ரயில் ஏறுகிறாள். பெயருக்காக முந்நூறு பக்கம் எழுதியவர், பதினைந்து வருஷம் கழித்துப் பெயரே இல்லாமல் ஒரு நாவல் எழுதுகிறார்! வங்காளியும் இல்லை, அமெரிக்காவும் இல்லை, பொரியும் கடலையும் வெங்காயமும் கலந்து கல்கத்தாவை நினைத்துக்கொள்ளும் அம்மாவும் இல்லை. எல்லாவற்றையும் கழித்துவிட்டார். ஆனால் நாலு பக்கம் படித்தால் போதும், லாஹிரி என்று தெரிந்துவிடுகிறது. யாரோ வாழும் வாழ்க்கையைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கிற அதே கண். தீராத கணக்கோடு போய்விட்ட அதே அப்பா.

கழிக்கக் கழிக்க மிச்சம் நின்றது ஒரு பழக்கம்தான், பார்க்கிற பழக்கமும் எழுதுகிற பழக்கமும். அதைத் தேடி அவர் எங்கேயும் போகவில்லை, தினமும் செய்துகொண்டிருந்தார். 'நோக்கம்' என்ற வார்த்தைக்கு இதைவிடப் பெரிய அர்த்தம் வேண்டுமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

என் விஷயத்துக்கு வந்தால், பகல் வேஷம், ராத்திரி அசல் என்ற கணக்கைக் கைவிட்டுவிட்டேன். ஒரு பழைய கல்வெட்டுப் பாடத்தில் ஓர் எழுத்து ஏன் பொருந்தவில்லை என்று நான் உட்கார்ந்து தேடும் விதமும், ஒரு பக்கைத் தேடும் விதமும் ஒன்றேதான். இரண்டையும் செய்கிறவன் ஒரே ஆள். அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன், இங்கே எல்லாரும் என்னை என் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். எப்போதாவது பழைய டீமிலிருந்து கால் வந்தால் அந்தப் பக்கம் அப்பா பெயர் கேட்கிறது. திருத்துவதில்லை.