'பரதேசி' திரைப்படமும் திருச்சபையின் மனவருத்தமும்

திரைப்படத்தைக் குறித்து இறையியல் ஏட்டில் எழுதுவது தகுமா என்று கேட்போர் நம்மிடையே இன்னும் உளர். சபையார் பார்க்கின்றனர், பார்த்ததைக் குறித்து ஆயரிடம் கேட்கின்றனர், ஆயரும் ஏதேனும் ஒன்றைச் சொல்லியே தீரவேண்டியிருக்கிறது. ஒருமுறை அப்படிச் சொல்லித் தவறியவன் என்ற முறையிலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இயக்குநர் பாலாவின் 'பரதேசி' 2013ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் திரைக்கு வந்தது. லெந்து நாட்கள் அவை; உயிர்த்தெழுதல் திருநாளுக்கு இன்னும் இரண்டு வாரங்களே இருந்தன. அப்போது நான் சேலத்திற்குத் தெற்கே பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் ஆயராகப் பணியாற்றி வந்தேன். ஏரியும் அரளித் தோட்டங்களும் ஜருகுமலையின் அடிவாரமுமாக உள்ள அவ்வூர்ப் பகுதியில் நம் சபையார் சிலரே. அச்சிலரும் இப்படத்தைக் குறித்து ஒரே கருத்தினராக இல்லை.

படத்தின் கதை

சுதந்திரத்திற்கு முற்பட்ட காலத்தில் ஒரு சிற்றூரில் தண்டோராப் போட்டு, வீடு வீடாகச் சோறு பெற்று வாழும் வெள்ளந்தியான இளைஞன் ராசா. அவன் அங்கம்மாவை நேசிக்கிறான். பஞ்சம் தின்ற அவ்வூருக்குக் கங்காணி ஒருவன் வருகிறான், தேயிலைத் தோட்டத்தில் நல்ல கூலி என்கிறான், முன்பணம் கொடுக்கிறான். ஊரில் ஒரு பகுதி அவன்பின் நடக்கிறது. நெடுநாள் நடையில் விழுந்த ஒருவன், உயிர் இருக்கும்போதே வழியில் கைவிடப்படுகிறான். தோட்டத்தில் அட்டையும் குளிரும் நோயும் கங்காணியின் தடியும் காத்திருக்கின்றன. ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கையில் கூலி கழிந்து கடனே எஞ்சுகிறது. தப்பியோட முயன்ற ராசாவின் கால் நரம்பு வெட்டப்படுகிறது. கொள்ளைநோயில் மரகதம் இறக்க, அவள் மகளை ராசா வளர்க்கிறான். இறுதியில் அங்கம்மா தன் பிள்ளையுடன் அதே தோட்டத்திற்கு வந்து சேர்கிறாள். பார்ப்போர் எதிர்பார்த்த சந்திப்பு நிகழ்கிறது. ஆனால் அது மீட்பன்று, இன்னும் இரண்டு உயிர்கள் குழியில் விழுந்ததே.

அதர்வா, வேதிகா, தன்சிகா ஆகியோரின் நடிப்பும், செழியனின் ஒளிப்பதிவும், நாஞ்சில் நாடனின் உரையாடலும் பரவலாகப் பாராட்டப்பட்டன. ஆடை வடிவமைப்பிற்காக இப்படத்திற்குத் தேசிய விருதும் கிடைத்தது.

நால்வகைக் கருத்துகள்

முதலாவது கருத்து, மூப்பர் சிலருடையது. நோய் பரவிய தோட்டத்திற்குப் பரிசுத்தம் என்னும் கிறிஸ்தவ மருத்துவர் மனைவியுடன் வருகிறார். மருந்தோடு மதத்தையும் விநியோகிக்கிறார். ஆடிப்பாடி மக்களைச் சேர்க்கும் அவர் ஒரு கேலிச் சித்திரமாகவே காட்டப்படுகிறார். இதனைத் திருச்சபைக்கு நேர்ந்த அவமதிப்பு என மூப்பர்கள் கருதினர். கண்டனத் தீர்மானம் ஒன்று எழுதப்பட்டது. நானும், படத்தைப் பாராமலே, ஞாயிறு ஆராதனை அறிவிப்பில் இப்படத்திற்குச் செல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

இரண்டாவது கருத்து, மிஷன் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவருடையது. அவர் திருச்சபையின் மானத்தைப் பற்றிப் பேசவில்லை. வாந்திபேதி வார்டில் தாம் இராக்கண் விழித்ததையும், ஒருவரையும் மதம் கேட்டுத் தொடவில்லை என்பதையும் சொல்லி, அக்காட்சியில் தம் கைகளை யாரோ தட்டிவிட்டதுபோல் இருந்தது என்று வருந்தினார்.

மூன்றாவது கருத்து இளைஞருடையது. இரண்டு மணி நேரம் மனிதர் அடிபட்டுச் சாவதைக் கண்டு எழாத கோபம், நம்மைக் கேலி செய்யும் சில நிமிடங்களைக் கண்டதும் எழுவானேன் என்று அவர்கள் கேட்டனர்.

நான்காவது கருத்து நான் எதிர்பாராதது. இளமையில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பழம் பறித்த மூதாட்டி ஒருவர், பேரன் அழைத்துச் செல்லச் சேலத்தில் இப்படத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "நாங்க இப்படி எந்நேரமும் அழுதுகிட்டே கெடக்கல ஐயரே. பாடுவோம், சண்டை போடுவோம், சிரிப்போம். அதையும் காட்டியிருக்கலாம்" என்றார். பின்னர், "நீங்க பாத்துட்டுத்தான் போகவேண்டாம்னு சொன்னீங்களா?" என்று கேட்டார். எனக்கு விடையில்லை. அவ்வார நடுவிலேயே சேலம் சென்று படத்தைப் பார்த்தேன்.

படத்தின் குறை எங்கே?

மூப்பர் கண்டது உண்மையான குறையே. ஆனால் அதனைக் குறையாக்கும் காரணம் அவர்கள் கூறியதன்று. இப்படத்திற்கு அடிப்படையான நூலை எழுதியவர் பி. எச். டேனியல் என்னும் கிறிஸ்தவ மருத்துவர். வால்பாறைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த அவர், முதிய தொழிலாளர் வாயிலாகக் கேட்டறிந்தவற்றைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 1969இல் வெளிவந்தது. இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். அந்நாவலிலும் ஒரு மருத்துவர் வருகிறார். ஆபிரகாம் என்னும் அவர், நிருவாகத்தின் அலட்சியத்தோடு போராடித் தொழிலாளரின் உயிரைக் காக்க முயல்பவர்.

ஆகவே நிகழ்ந்திருப்பது இது: சாட்சியத்தை எடுத்துக்கொண்டவர்கள், சாட்சி சொன்னவனைக் கோமாளியாக்கிவிட்டனர். தோட்டத்தில் நடந்ததை நாம் அறிய உதவியவர் ஒரு மருத்துவர் என்னும் உண்மை படம் பார்ப்போருக்குத் தெரியாமற்போகிறது. இது வரலாற்றுக் குறை. கலைக்குறையும் உண்டு. நாவலில் எதிர்ப்பதற்கு ஒரு மனிதராவது இருக்கிறார். படத்தில் அந்த ஒரே கதவும் மூடப்படுவதால், கொடுமை மனிதர் செய்தது என்பது மங்கி, விதி செய்ததுபோல் தோன்றுகிறது. விதியை எதிர்த்து யாரும் சங்கம் அமைப்பதில்லை. உண்மையில் அக்கொடுமையைக் கட்டிக்காத்தது சட்டம். முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையைவிட்டு ஓடினால் அதனைக் குற்றமாக்கித் தண்டித்தது 1859ஆம் ஆண்டுச் சட்டம். மனிதர் இயற்றிய அதனை மனிதரே பின்னர் நீக்கினர்; 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டத்தையும் இயற்றினர். மூதாட்டி சொன்ன குறையும் இங்கேயே வந்து சேர்கிறது. சிரிக்கவும் சண்டையிடவும் தெரிந்தவர்களே ஒருநாள் எதிர்த்தும் நிற்பர். முற்பகுதியில் இருந்த சிரிப்பு மலையேறியதும் முற்றாக மறைந்துவிடுவது தொழிலாளருக்கு நியாயமன்று.

கேலி ஏன் நம்பப்பட்டது?

இவ்வளவு கூறியபின் நம்மை நாமே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அக்கேலியைத் திரையரங்கில் இருந்தோர் எளிதில் ஏற்றுக்கொண்டது எதனால்? வெறுப்பினால் மட்டும் என்று கூறித் தப்பிக்க இயலாது. 1854இல் இலங்கை மலைநாட்டில் தொடங்கப்பட்ட நற்செய்திப் பணிக்குத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்றே பெயர். தோட்ட உரிமையாளரின் பொருளுதவியோடு அது நடைபெற்றது. அப்பணியில் உண்மையான அன்பு இருந்தது, பள்ளிகளும் எழுந்தன. எனினும் துரையின் காசில் நடக்கும் ஊழியம் துரையின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கத் துணிவது கடினம். மறுபுறம், பிஜித் தீவின் ஒப்பந்தக் கூலிமுறையை நேரில் ஆராய்ந்து, அதனை ஒழிக்கப் போராடிய சி. எப். ஆண்ட்ரூசும் நம்மவரே. ஆக நம் வரலாற்றில் இரு மருத்துவர்களும் இருந்திருக்கின்றனர்: படத்தின் பரிசுத்தம், நாவலின் ஆபிரகாம். படம் ஒருவரை மட்டும் காட்டியது தவறு. நாம் மற்றவரை மட்டும் நினைவில் வைத்திருப்பதும் தவறே.

நம்பிக்கையற்ற முடிவு

படத்தின் முடிவில் ஆறுதல் இல்லை என்பதும் பலருடைய குறைபாடு. நற்செய்தியை அறிவிக்கும் நாம் இத்தகைய முடிவை ஏற்கலாமா என்று மாணவர் கேட்பதுண்டு. திருமறையில் 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதற்கு ஒரு நன்றிப் பாடலைச் சேர்த்துமுடிக்க எவரும் துணியவில்லை. நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரமும் ஆறுதல் தருவதில்லை. நடந்ததை யோசித்துப் பேசுமாறு கேட்பவரை ஏவுவதோடு அது நிற்கிறது. புலம்பலுக்கு இடம் தராத ஆராதனை, துன்புறுவோரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. லெந்து நாட்களில் திரையிடப்பட்ட இப்படத்தைப் பெரிய வெள்ளியோடு நிற்கும் படம் எனலாம். மூன்றாம் நாளைப் பற்றிப் பேசுவது அதன் கடனன்று, நம் கடன். அதனை நாம் பேசும்போது வெள்ளிக்கிழமையை விரைந்து தாண்டிவிடக்கூடாது என்பதே இப்படம் தரும் எச்சரிக்கை.

நமது வட்டாரத்தில்

படம் பார்த்துத் திரும்பியபின் அத்தீர்மானத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். திருச்சபையின் பெயருக்கு நேர்ந்த களங்கம் அதில் விரிவாகப் பேசப்பட்டிருந்தது. தொழிலாளரைக் குறித்து ஒரு வரியும் இல்லை. அதில் கையொப்பமிட்டவருள், முன்பணம் கொடுத்து ஆட்களை வேலைக்கு வைத்திருந்தவரும் ஒருவர். முன்பணம் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளிலும், செங்கற்சூளைகளிலும் அச்சொல்லே குடும்பங்களைக் கட்டிவைத்திருக்கிறது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது; கங்காணி தலைப்பாகையை மாற்றிக்கொண்டான், அவ்வளவே.

அடுத்த ஞாயிறு குருத்தோலைத் திருநாள். பாராமல் விலக்கியது என் தவறு என்று பீடத்திலிருந்தே அறிவித்தேன். தீர்மானம் அனுப்பப்படவில்லை. மூப்பர் சிலர் என்மீது வருத்தங்கொண்டனர்; அவ்வருத்தம் சிலருக்கு நெடுநாள் நீடித்தது. முன்பணத்தைக் குறித்துச் சபைக் குழுவில் பேச்செடுத்தபோது அது இன்னும் மிகுந்தது. அங்கு நான் முழு வெற்றி பெற்றேன் என்று கூறமாட்டேன். ஒரு குடும்பத்தின் கணக்கு மட்டும் எங்கள் முன்னிலையில் திறந்து பார்க்கப்பட்டு முடிக்கப்பட்டது.

ஆயராகப் புறப்படும் மாணவருக்கு நான் கூற விரும்புவன மூன்று. பாராததைக் கண்டிக்காதீர். இப்படத்தைப் பார்ப்பீராயின் 'எரியும் பனிக்காடு' நாவலையும் உடன் படியுங்கள். படம் மறைத்த மனிதரை அங்கே காண்பீர்கள். நம்மைக் கேலி செய்யும் காட்சி வரும்போது, சினங்கொள்ளுமுன், அக்காட்சியின் ஓரத்தில் அப்பத்திற்காகக் கைநீட்டி நிற்பவர் யார் என்று பாருங்கள். மூதாட்டியின் கேள்விக்கு அன்று நான் சொல்ல இயலாத விடையை நீங்களாவது சொல்லக்கூடியவர்களாய் இருங்கள்.